அறுபது பை கஷாயம்: கொரியாவின் எடைக்குறைப்பு க்ளினிக்குகள் கொடுத்த காசுக்கு ஈடா?

சியோலில் கங்னம் பக்கம் நடந்தால் தோல், பல், மூக்கு க்ளினிக் போர்டுகளுக்கு நடுவே அடிக்கடி கண்ணில் படுவது ‘தாயட் ஹன்யாக்’. ஹன்யாக் என்றால் மூலிகை மருந்து. தாயட், நம் ஊர் டயட்டேதான். இதைத் தரும் இடத்துக்கு ஹனுயிவொன் என்று பெயர். கொரிய மரபு மருத்துவ க்ளினிக். வழக்கமான ஒரு மாத பேக்கேஜில் முதல் ஆலோசனை, உடல் கொழுப்பு அளவீடு, நாளைக்கு இரண்டு வீதம் அறுபது பை கஷாயம், வாரம் ஒரு தடவை வயிற்றில் அக்குபங்சர் ஊசி எல்லாம் அடங்கும். இடத்தையும் மருந்தின் வலுவையும் பொறுத்து விலை பெரும்பாலும் ஒன்றரை லட்சம் வோனில் தொடங்கி மூன்று, நான்கு லட்சம் வரை போகும். எடை குறைக்கத் தரும் கஷாயத்துக்குத் தேசிய மருத்துவக் காப்பீடு கிடையாது, முழுக்கக் கைக்காசு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் மாதத்துக்குக் காசு கொடுக்கலாம். இரண்டாவது மாதம், முதல் மாதம் எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. சேரும் அன்றே மூன்று மாதத்துக்கும் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அந்தப் பையில் வேலை செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு செடி. அதை எத்தனை கிராம் போடுகிறார்கள், யாருக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் நல்ல க்ளினிக்குக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

இது வீதியோர வைத்தியம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹனுயிசா எனப்படும் கொரிய மருத்துவர் ஆறு வருடம் படித்து, அரசுத் தேர்வு எழுதி, தனி உரிமம் வாங்கியவர். ஹோ ஜுன் 1610-இல் முடித்து 1613-இல் அச்சேறிய பெரும் மருத்துவத் தொகுப்புதான் இந்த மரபின் முதுகெலும்பு. 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தது. கொரியாவில் இரண்டு மருத்துவமும் தனித்தனி உரிமத்தில் ஓடுகின்றன. எடை குறைக்கும் ஆங்கில மருந்தான வெகோவி ஊசியை ஹனுயிசா எழுதித் தர முடியாது, ஆங்கில மருத்துவர் கஷாயம் காய்ச்சித் தர முடியாது. இந்தப் பிரிவினை பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது, அங்கே பார்ப்போம்.

முதல் ஆலோசனை நன்றாக நடந்தால் அரைமணி நேரமாவது ஆகும். வியர்வை எப்படி, மலம் எப்படி, கை கால் குளிர்கிறதா, தூக்கம், மாதவிலக்கு, காபி எத்தனை கப் என்று நீளமான கேள்வித்தாள். பிறகு நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், படுக்க வைத்து விரலால் வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். சித்த வைத்தியரிடம் போய்ப் பழகியவர்களுக்கு இதில் அந்நியம் எதுவும் இராது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எடுக்காமல் மருந்துக்குப் போகிற இடம் என்றால் நேர்காணல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வேண்டாம். கொரியாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது தேசியப் பரிசோதனை உண்டு. அந்த அறிக்கையைக் கையோடு கொண்டுபோனால் கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை எண்கள் மருத்துவர் முன்னால் இருக்கும். நல்ல மருத்துவர் தானாகவே கேட்பார்.

அடுத்து இன்பாடி. இது கொரியக் கம்பெனியின் கருவி. வெறுங்காலோடு உலோகத் தட்டில் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து, கையை உடம்பில் ஒட்டாமல் கொஞ்சம் விரித்துக்கொண்டு நின்றால், மெல்லிய மின்சாரம் ஓடவிட்டுத் தசை இத்தனை, கொழுப்பு இத்தனை, நீர் இத்தனை என்று ஒரு தாள் கொடுக்கும். கருவி நல்லதுதான். ஆனால் அது நேராக அளப்பது மின்தடையை மட்டுமே. மற்றதெல்லாம் அதிலிருந்து போடும் கணக்கு. உடம்பின் நீர் மாறினால் கணக்கும் மாறும். சேரும் நாளில் மதியம் உப்புக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு மாலை ஏறி நின்று, முப்பதாவது நாள் காலையில் வெறும் வயிற்றோடு கழிப்பறை போய்விட்டு ஏறி நின்றால், மருந்தே குடிக்காமல் ஒன்றரைக் கிலோ வரை ‘குறைந்திருக்கும்’. ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து, கழிப்பறை போய்விட்டு, குளியல், சவுனா, உடற்பயிற்சிக்கு முன்னால், மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து அளக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களாகவே செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் எண் பெரிதாக இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அதே தாளில் பிஎம்ஐ 25-ஐத் தாண்டினால் ‘பருமன்’ என்று வரும். கொரியாவின் வரம்பு அது, 23-இலிருந்தே எச்சரிக்கை. இந்தியர்களுக்கும் இதே 23, 25 எண்களைத்தான் நம் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், எனவே நமக்கும் பொருந்தும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 85 செ.மீ. என்பது கொரியக் கணக்கு. பிஎம்ஐ 21 இருக்கும் பெண்ணுக்கும் பெரிய சிரமமில்லாமல் மருந்து கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. இந்தத் தொழிலின் அசிங்கமான பக்கம் அது.

கஷாயத்துக்கு வருவோம். 1894-இல் லீ ஜே-மா என்ற மருத்துவர் மனிதர்களை நான்கு உடல்வாகாகப் பிரித்தார். தேயாங்கின், தேயுமின், சோயாங்கின், சோயுமின். வாத, பித்த, கபம் போலத் தோன்றினாலும் இது வேறு வழி. எந்த உறுப்பு பிறவியிலேயே வலுத்தது, எது மெலிந்தது என்று பார்ப்பது. கல்லீரல் வலுத்து நுரையீரல் மெலிந்தவர் தேயுமின். பசி நன்றாக இருக்கும், வியர்த்தால் உடம்பு லேசாகும், எளிதில் எடை போடும். எடை குறைக்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் எழுதும் தேயும்ஜோவிதாங் என்ற கஷாயம் இந்த உடல்வாகுக்கென்று சொல்லப்பட்டதுதான்.

அதன் மூலச் சேர்மானம் ஒளிவுமறைவு இல்லாதது. ஒரு பொட்டலத்துக்கு யுல்மு என்ற வெள்ளை முத்துப் போன்ற தானியமும் உலர்ந்த செஸ்நட்டும் மும்மூன்று தோன். ஒரு தோன் 3.75 கிராம், ஆக ஒவ்வொன்றும் 11.25 கிராம். முள்ளங்கி விதை இரண்டு தோன், 7.5 கிராம். ஒமிஜா என்ற ஐஞ்சுவைப் பழம், மெக்முன்தோங் கிழங்கு, நம் வசம்புக்கு உறவான சொக்சாங்போ, கொரியர்கள் வீட்டில் கூட்டு போலச் செய்து சாப்பிடும் தோராஜி வேர், கடைசியாக மாஹ்வாங், இவை ஐந்தும் ஒவ்வொரு தோன். தானியம், கொட்டை, கிழங்கு, காய்கறி விதை என்று பாதி சமையலறைதான். பட்டியலின் வாலில் உட்கார்ந்திருக்கும் மாஹ்வாங்தான் பசியைக் கட்டுவது, இதயத்தைத் துரத்துவது, ராத்திரி தூங்கவிடாமல் செய்வது, எல்லாம்.

மாஹ்வாங் என்பது எபெட்ராச் செடியின் பச்சைத் தண்டு. வேரை எடுத்தால் வேலை தலைகீழ்: தண்டு வியர்க்க வைக்கும், வேர் வியர்வையை நிறுத்தும். தண்டில் இருப்பது எபெட்ரின், சூடோஎபெட்ரின். இரண்டும் சேர்ந்து உலர்ந்த தண்டில் குறைந்தது 0.7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது மருந்தியல் தரம். மூலச் சேர்மானப்படி நாளைக்கு இரண்டு பொட்டலம் என்றால் 7.5 கிராம் மாஹ்வாங்; அதில் குறைந்தது 52 மில்லிகிராம் அளவுக்கு இந்தச் சரக்கு. காய்ச்சும்போது முழுக்க இறங்காது என்றாலும் இது சின்ன அளவில்லை. கொரிய மருத்துவத்தில் பருமனைப் பார்ப்பவர்கள் 2007-இல் வைத்த பரிந்துரை நாளைக்கு 4.5 முதல் 7.5 கிராம் மாஹ்வாங், ஆறு மாதத்துக்கு மேல் போகாமல். அமெரிக்காவில் எபெட்ராவை டாக்டர் சீட்டு இல்லாமல் சத்துமாத்திரையாக விற்று, பலருக்கு இதயக் கோளாறும் பக்கவாதமும் வந்து, 2004-இல் தடை போட்டார்கள். கொரியாவில் அப்படிச் சத்துமாத்திரையில் சேர்க்கவே அனுமதி இல்லை, மருந்தாக மட்டும்தான். அந்த வகையில் கொரிய ஏற்பாடு உருப்படியானது.

எவ்வளவு குறையும்? எபெட்ரா பற்றிய சோதனைகளை மொத்தமாக எடுத்து 2003-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு, வெற்று மாத்திரையை விட மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதலாகக் குறைந்தது என்றது. படபடப்பு, வாந்தி, மனப் பதற்றம் மாதிரியான தொல்லைகளுக்கு வாய்ப்பு இரண்டு முதல் மூன்றரை மடங்கு கூடியது என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆக, க்ளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் ‘ஒரு மாதத்தில் ஆறு கிலோ’வில் செடியின் பங்கு ஒரு கிலோ. மீதி, நீங்களாகவே வாயைக் கட்டிச் சாப்பிடாமல் விட்ட சோறு, அப்புறம் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி கணக்கு. நாளைக்கு 500 கலோரி குறைத்தால் மாதத்துக்கு இரண்டு கிலோ. முதல் வாரத்தில் சடக்கென்று ஒன்றரைக் கிலோ இறங்குவது உடம்பு சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் கரைந்து, அதோடு கட்டியிருந்த நீரும் போவதால். இதைக் காட்டித்தான் இரண்டாவது மாதத்தை விற்பார்கள்.

நாக்கில் கஷாயம் புளிப்பும் கசப்புமாக இருக்கும், ஓரத்தில் ஒரு இனிப்பு, ஒமிஜாவின் வேலை. ஒரு பை பெரும்பாலும் 80 முதல் 120 மி.லி. ஃப்ரிட்ஜில் வைத்து, குடிக்கும்போது பையைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். பையோடு மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். காலைப் பை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், இரண்டாவது பை பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள். எபெட்ரின் ரத்தத்தில் பாதியாகவே பல மணி நேரம் பிடிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடித்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். காபியை ஒரு கப்பாக்கி, அதையும் பையிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள். சளிக்கு மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் பலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கிறது, சேர்க்கக் கூடாது.

முதல் மூன்று நாள் வாய் வறட்சி, கொஞ்சம் வியர்வை, லேசான படபடப்பு வருவதைச் சகித்துக்கொள்ளலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நூறைத் தாண்டுகிறது, கை நடுங்குகிறது, சிறுநீர் இறங்கச் சிரமப்படுகிறது, நெஞ்சு இறுகுகிறது என்றால் அன்றே நிறுத்த வேண்டும். ‘உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது’, ‘கழிவு வெளியேறும் அறிகுறி’ என்ற பதில் வந்தால் க்ளினிக்கை மாற்றுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், கர்ப்பம், தாய்ப்பால், சில மனச்சோர்வு மருந்துகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாஹ்வாங் கிட்டவே வரக்கூடாது. போட்டிகளில் ஓடுபவர்கள், ஊக்கமருந்துப் பட்டியலில் எபெட்ரின் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த க்ளினிக்குகள் மேல் நாம் சொல்லும் பெரிய குறை உடல்வாகு விஷயத்தில்தான். லீ ஜே-மாவின் கணக்கில் மாஹ்வாங் தேயுமினுக்கான மருந்து. வயிறு குளிர்ந்து, செரிமானம் மந்தமாகி, வியர்த்தால் துவண்டுபோகும் சோயுமினுக்கு அது ஆகாது. கேள்வித்தாள், நாடி, வயிறு என்று முக்கால் மணி நேரம் பார்த்து ‘நீங்கள் சோயுமின்’ என்று சொல்லிவிட்டு, கடைசியில் எல்லாருக்கும் போகும் அதே மாஹ்வாங் பையை ‘முதல் படி’, ‘இரண்டாம் படி’, ‘மூன்றாம் படி’ என்று எண் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள் பல இடங்களில். படி என்பது பெரும்பாலும் மாஹ்வாங்கின் கிராம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒரு நாளைக்கு மாஹ்வாங் எத்தனை கிராம்? எண் சொன்னால் உட்காரலாம். ‘எங்கள் பரம்பரைச் சேர்மானம், வெளியில் சொல்வதில்லை’ என்றால் அங்கே உங்கள் இதயத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பை மேல் சேர்மானம் அச்சாகி வருவது அரிது; எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் உதவும்.

முன்னால் சொன்ன பிரிவினைச் சிக்கல் இது: ஒரே ஆள் ஓர் ஆங்கில மருத்துவ க்ளினிக்கில் பசியடக்கும் ஃபென்டர்மின் மாத்திரையும் அடுத்த தெரு ஹனுயிவொனில் கஷாயமும் வாங்க முடியும். ஃபென்டர்மின் கொரியாவில் மனநிலை மாற்றும் மருந்தாகக் கட்டுப்படுத்தப்பட்டது; சில வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயரே பட்டப்பெயராகிவிட்டது. இரண்டும் நரம்பை முடுக்குபவை. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பாங்பூங்தொங்சொங்சான் என்ற மூலிகை மருந்தையும் பலர் விலை மலிவு என்று வாங்குகிறார்கள். பதினெட்டுச் சரக்கு, மாஹ்வாங் இதிலும் உண்டு, கூடவே ரேவல்சின்னி, பேதி உப்பு, அதிமதுரம். தொப்பையும் மலச்சிக்கலும் உள்ள திடகாத்திரமான ஆளுக்கென்று சொல்லப்பட்டது. எடை இறங்குவதில் ஒரு பங்கு வெறும் பேதிதான். பேதியால் பொட்டாசியம் போகும், அதிமதுரம் நாள்பட்டுச் சேர்ந்தாலும் பொட்டாசியம் போகும், உப்பும் நீரும் தங்கும். மாடிப்படி ஏறும்போது தொடை துவளுகிறது, முகம் ஊதுகிறது என்றால் அதுதான்.

அக்குபங்சர் ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தொப்புளுக்கு இரு பக்கமும் இரண்டு விரற்கட்டை தள்ளி இருக்கும் சொன்சு, தொப்புளுக்கு மேலே நான்கு விரற்கட்டையில் உள்ள சுங்வான் போன்ற இடங்களில் குத்தி, இருபது, முப்பது நிமிடம் மின்துடிப்பு கொடுப்பார்கள். வயிறு தானாகத் துள்ளும், வலி குறைவு. செரிமானமும் தூக்கமும் சீராக உதவலாம், ஆனால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும் என்று தனிக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடலாம். கரையும் நூலைத் தோலுக்கடியில் விடும் மெசொன் இன்னும் விலை கூடுதல், நீலம் பாய்வதும் கூடுதல்.

பேக்கேஜில் நிஜமாகவே மதிப்புள்ள பகுதி, பலர் கவனிக்காத கடைசிக் கட்டம். மாஹ்வாங்கைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாள் உடம்பு கனத்து, தூக்கம் தள்ளி, பசி கடன்காரன் போல வந்து நிற்கும். நல்ல மருத்துவர் கடைசி இரண்டு வாரம் அளவைப் பாதியாக்கி, பிறகு மாஹ்வாங் இல்லாத கஷாயம் கொடுத்து இறக்குவார். பட்டினித் திட்டம் இருந்தால் போசிக் என்ற நாட்கள் உண்டு: அரிசிக் கஞ்சி, பிறகு தோஃபு, முட்டை, பிறகு சோறு. நம் பத்தியம் முறிப்பது மாதிரிதான். மருந்து ஓடும் மாதத்திலேயே உடல் எடை கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் சாப்பிட்டாக வேண்டும். பசியில்லை என்று சாலட் இலையோடு நிறுத்திக்கொண்டால் இன்பாடி தாளில் முதலில் இறங்குவது தசைக் கோடு. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பைக் கல் ஆபத்து. இரண்டு, மூன்று மாதம் கழித்து சீப்பில் முடி கத்தையாக வருவதும் இந்த வேகத்தின் விளைவுதான், ஷாம்புவைத் திட்டிப் பயனில்லை.

2024 அக்டோபரில் வெகோவி கொரியாவுக்கு வந்த பிறகு, நிறைய எடை குறைக்க வேண்டியவர்களுக்குக் கணக்கு மாறிவிட்டது. பிஎம்ஐ முப்பதைத் தாண்டியவர் ஹன்யாக்கில் நேரத்தைக் கழிப்பதை விட உள்நோய் மருத்துவரைப் பார்ப்பது மேல். நான்கைந்து கிலோ குறைக்க வேண்டும், ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, வெகோவி ஊசி வேண்டாம், ஒரு மாதம் யாராவது பசியைப் பிடித்துக்கொண்டால் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சேவை பொருந்தும்.

பணம் கட்டும்போது ஒரு மாத மருந்தை இரண்டு தவணையாகக் காய்ச்சி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் காய்ச்சிய கஷாயத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பதினைந்தாவது நாள் படபடப்பில் நிறுத்தினால் முப்பது பை வீணாகாமல் இருக்கும். மிச்சம் விழுந்த பைகளை ஊரில் இருக்கும் அக்காவுக்கு என்று பெட்டியில் வைத்து எடுத்து வராதீர்கள். எபெட்ரின் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், விமான நிலையத்தில் கொரிய எழுத்து அச்சிட்ட பழுப்புத் தண்ணீர்ப் பையை விளக்கிச் சொல்வது கஷ்டம். அக்காவின் ரத்த அழுத்தத்தையும் அங்கே யாரும் பார்க்கவில்லை.